நாலரைக் கட்டை

யூடியூபில் ‘ட்ரைடோன்’ என்று தேடிப் பாருங்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவிலுள்ள ஒரு இடைவெளிக்கு மேற்கத்தியர் வைத்த பேர் அது. கறுப்புப் பின்னணி, சிவப்புக் கண், இரண்டு கொம்பு. ‘திருச்சபை தடை செய்த சுரம்’, ‘பிசாசின் இடைவெளி’ என்று தலைப்புகள். அதே இடைவெளியை எங்கள் சேலத்துக் கல்யாண மண்டபங்களில், மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் நாதஸ்வரத்தில் விஸ்தாரமாக வாசிக்கிறார்கள். ராகம் கல்யாணி. கேட்டு யாரும் பயந்து ஓடியதில்லை. ஓடுகிறவர்கள் பந்தியில் இடம் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள்.

அங்கே பேயாகவும் இங்கே மங்கலமாகவும் ஒரே இடைவெளி எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. நான் ஹார்மோனியம், சுருதிப்பெட்டி பழுது பார்க்கிறவன். கடை செவ்வாய்ப்பேட்டையில். சுற்றிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் என்பதால் பகலில் காதை நம்பி வேலை செய்ய முடியாது. ரீடு என்கிற உலோக நாக்குகளைச் சுருதி சேர்க்கிற வேலையெல்லாம் ராத்திரிதான். ராத்திரி பத்து மணிக்கு ஒரே ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் வருவதில் ஆச்சரியமில்லை.

எங்கள் பாஷையில் சுரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். கட்டை என்றால் ஹார்மோனியத்தில் விரலால் அழுத்துகிற கட்டை. ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது. அப்புறம் நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை, ஏழு. அரைகள் எல்லாம் கறுப்பு. ஒரு கட்டையில் சட்ஜமம் (ச) வைத்தால் பஞ்சமம் (ப) ஐந்து, சுத்த மத்திமம் (ம) நாலு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது நாலரை. அதுதான் பிரதி மத்திமம். மேற்கத்தியர் ட்ரைடோன் என்பதும் அதையே. கீழே இருந்து எண்ணினாலும் ஆறாவது, மேல் சட்ஜமத்திலிருந்து எண்ணினாலும் ஆறாவது. பன்னிரண்டு கட்டைகளைச் சரிபாதியாக வெட்டுகிற இடம்.

கணக்கில் பார்ப்போம். சட்ஜமம் நொடிக்கு 200 அதிர்வு என்றால் பஞ்சமம் 300. இரண்டுக்கு மூன்று என்ற சுத்தமான விகிதம். சுத்த மத்திமம் ஏறத்தாழ 267. அது மூன்றுக்கு நாலு. கீபோர்டின் நாலரைக் கட்டை ஏறத்தாழ 283. அதாவது இரண்டின் வர்க்கமூலம், 1.414. எந்தச் சின்ன எண் விகிதத்திலும் அது அடங்காது. பழைய முறைப்படி 32-க்கு 45 என்று சேர்த்தால் 281 வரும். அதுவும் காது உடனே கண்டுகொள்கிற விகிதமல்ல.

ரீடு சேர்க்கும்போது இரண்டு நாக்குகள் ஒத்துப்போகவில்லை என்றால் ஒலி அலையலையாக அடிக்கும். நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அலை மெதுவாகி நிற்கும் வரை சுரண்டுவோம். இப்போது பஞ்சமம் ஒலிக்கிற சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் பிரதி மத்திமத்தைப் பிடியுங்கள். 300-க்கும் 281-க்கும் வித்தியாசம் 19. நொடிக்குப் பத்தொன்பது தடவை அடிக்கிற அலை அலையாகவே தெரியாது, கரகரப்பாகத் தெரியும். குரல் கொஞ்சம் மேலேறிப் பஞ்சமத்தைத் தொட்டதும் கரகரப்பு ஒட்டுமொத்தமாக மறைந்துவிடும். கல்யாணியில் மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும்போது நமக்கு உடம்பு லேசாவதில் ரசனை பாதி, பௌதிகம் பாதி.

பிசாசுக் கதைக்கு வருகிறேன். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துக் குய்தோ என்ற துறவி, பையன்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆறு சுரங்களை அடிப்படையாக வைத்தார். அந்த ஆறுக்குள் ட்ரைடோன் ஒன்றுகூட வராது. வெள்ளைக் கட்டைகளில் அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது, நாலுக்கும் ஏழுக்கும் நடுவே. அந்த ஏழாவது கட்டை தொந்தரவு கொடுத்த இடங்களில் அதை ஆறரையாக இறக்கிப் பாடினார்கள். இறக்கியதைக் காட்ட வட்டமான ‘பி’ எழுத்து ஒன்றை எழுதினார்கள். இன்றைய ஃபிளாட் குறி அதன் வாரிசு. பாடகர்கள் அந்த இடைவெளியில் தடுமாறுவார்கள், அதனால் தவிர்த்தார்கள். விஷயம் அவ்வளவுதான். இதைப் பாடியதற்காக யாரையும் சபையை விட்டு விலக்கியதாகவோ எரித்ததாகவோ ஆதாரம் எதுவும் கிடையாது. ‘இசையில் பிசாசு’ என்ற லத்தீன் சொலவடை அச்சில் தென்படுவதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1725-இல் யோஹான் ஃபுக்ஸ் எழுதிய பாடநூலில் அது இருக்கிறது. அதுவும் மாணவர்களை மிரட்டுகிற வாத்தியார் தொனியில்.

உண்மையிலேயே அரசாங்க உத்தரவு போட்டுத் தடை செய்யப்பட்டது ஹார்மோனியம்தான்! 1940-இலிருந்து 1971 வரை அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லை. சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் வராது, சுரங்கள் நம் சுரங்களே அல்ல என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பிசாசை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்.

நாமும் இந்த மத்திமத்தைச் சந்தேகப்படாமல் இருந்ததில்லை. 72 மேளங்களையும் (தாய் ராகங்களையும்) சுத்த மத்திமத்துக்கு 36, பிரதி மத்திமத்துக்கு 36 என்று சரிபாதியாகப் பிரித்து வைத்த வேங்கடமகி, தஞ்சை நாயக்கர் காலத்தவர். அவரே கல்யாணியைப் பற்றி ‘துருக்கர்களுக்கு மிகப் பிரியமானது’ என்று எழுதி, கீதம், பிரபந்தம் போன்றவற்றுக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கினார். இன்றைக்குக் கல்யாணி இல்லாத கச்சேரி சீசனை நினைத்துப் பார்க்க முடியுமா?

வராளி ராகத்துக்கு அந்த மன்னிப்புகூடக் கிடைக்கவில்லை. அதில் மத்திமத்தை இன்னும் தூக்கி, பஞ்சமத்தை உரசுகிற மாதிரி பாட வேண்டும். வராளியை நேராகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் பகை வரும் என்று ஒரு நம்பிக்கை. தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் ஒன்று வராளியில் இருக்கிறது. ஐந்தில் அதை மட்டும் ‘கேட்டுக் கத்துக்கோ’ என்று விட்டுவிடுகிற ஆசிரியர்கள் இன்றும் உண்டு. என் அனுமானம் வேறு. இத்தனை நுணுக்கமான மத்திமத்தைப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பகை தானாகவே வரும். வெள்ளைக்கார வாத்தியார் பிசாசு என்றார், நம் வாத்தியார் தோஷம் என்றார். இரண்டு பேரும் ஒரே தலைவலியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நான் இத்தனை நீட்டி எழுத உட்கார்ந்தது பயத்தைப் பற்றி அல்ல. ஒரு ராகத்துக்கு விலாசம் கொடுப்பதே இந்த இடைவெளிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான்.

ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து வாசித்தால் சங்கராபரணம். இரண்டிலிருந்து கரகரப்பிரியா, மூன்றிலிருந்து தோடி, நாலிலிருந்து கல்யாணி, ஐந்திலிருந்து ஹரிகாம்போதி, ஆறிலிருந்து நடபைரவி. சட்ஜமத்தை இடம் மாற்றி வேறு ராகம் எடுக்கிற கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். ஏழு கட்டைகளும் அதேதான், ஆனால் அறுவரும் அறவே வேறு ஆட்கள். என்ன மாறியது? நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒற்றை ட்ரைடோன், ஒவ்வொரு ராகத்திலும் வேறு வேறு சுரங்களின் தலையில் விழுகிறது. சங்கராபரணத்தில் மத்திமத்துக்கும் நிஷாதத்துக்கும். கரகரப்பிரியாவில் காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும். தோடியில் ரிஷபத்துக்கும் பஞ்சமத்துக்கும். ஹரிகாம்போதியில் காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும். நடபைரவியில் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும். கல்யாணியில் மட்டும் அது சட்ஜமத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. சுருதிப்பெட்டி விடாமல் ஊதிக்கொண்டிருக்கிற சுரத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. கல்யாணி மற்ற ஐந்தையும்விடப் பிரகாசமாகக் கேட்பது இதனால்தான் என்பேன்.

ஏழாவது கட்டையிலிருந்து வாசித்தால்? ராகம் கிடைக்காது. பஞ்சமம் வர வேண்டிய வீட்டில் ட்ரைடோன் குடியேறியிருக்கும். மத்திமம் இரண்டு, பஞ்சமம் பூஜ்யம். கிரகபேதத்தில் நிஷாதத்தை மட்டும் விட்டுவிடுகிற காரணம் அதுதான்.

ட்ரைடோனே இல்லாத இசை எப்படி இருக்கும் என்று கேட்டால் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். எந்த இரண்டைச் சேர்த்து அழுத்தினாலும் இடிக்காது. நாலரையிலிருந்து தொடங்கினால் மோகனம். கடைக்கு வருகிறவர்களின் குழந்தைகள் அழாமல் இருக்க நான் கறுப்புக் கட்டைகளைத்தான் காட்டுவேன். எப்படித் தட்டினாலும் பாட்டு மாதிரியே இருக்கும். மோகனம், இந்தோளம், மத்தியமாவதி, சுத்த சாவேரி எல்லாம் இந்த வம்சம். ஹம்சத்வனியும் ஐந்து சுரம்தான். அந்த வம்சமில்லை என்றாலும் அதிலும் ட்ரைடோன் கிடையாது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மோகனத்தில் எந்தச் சுரத்தில் வேண்டுமானாலும் இளைப்பாறலாம். ‘வீடு எங்கே’ என்ற பதைப்பு அதில் இல்லை.

இதற்கு நேர் எதிர், நாம் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற மாயாமாளவகௌளை. சரளி வரிசை அதில்தான் தொடங்குகிறது. உள்ளே இரண்டு ட்ரைடோன்கள் இருக்கின்றன: ரிஷபம்-பஞ்சமம், மத்திமம்-நிஷாதம். மேற்கே தேர்ந்த பாடகர்களே தவிர்த்ததை நம் ஆறு வயசுக் குழந்தைகள் முதல் நாளே விழுங்குகின்றன. படிப்படியாக ஏறுவதால் அவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை.

தேர்ந்தவர்கள் செய்கிற தந்திரம் ஒன்று உண்டு. ரீடுகளோடு மல்லுக்கட்டும்போது எனக்குத் தற்செயலாகப் புலப்பட்டது. கல்யாணி ஆலாபனையில் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் தொடாமலே நெடுநேரம் சுற்றுவார்கள். நி ரி க ம த நி என்று மிதக்கும். தோடியிலும் அதே வழக்கம் உண்டு. பஞ்சமத்தை விட்டுவிட்டுப் பாடுகிற இடங்களில்தான் தோடியின் உயிரே இருக்கிறது. இப்போது கட்டைக் கணக்கு போடுங்கள். கல்யாணியில் சட்ஜமமும் பஞ்சமமும் போனால் மிஞ்சுவது இரண்டு, மூன்று, நாலரை, ஆறு, ஏழு. இரண்டாம் கட்டையில் தொடங்குகிற மோகனம்! தோடியில் மிஞ்சுவது ஒன்றரை, இரண்டரை, நாலு, ஐந்தரை, ஆறரை. அது ஒன்றரைக் கட்டை மோகனம்!

வாயில் இருப்பது இடிக்கவே இடிக்காத ஐந்து சுரங்கள். இடிக்கிற சுரம் முழுக்கச் சுருதிப்பெட்டியில் இருக்கிறது. பாடகர் எங்கோ மிதக்க, கீழே சட்ஜம-பஞ்சமம் ‘வா, வா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் அவர் சட்ஜமத்தில் வந்து நிற்கும்போது சபை ‘ஆஹா’ என்கிறதே, அதுவரை கடன் வைத்திருந்த ட்ரைடோன் அங்கே வட்டியோடு தீர்கிறது.

மேற்கத்திய இசையில் இந்தக் கடனைச் சட்டுபுட்டென்று தீர்த்துவிடுவார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டுக்கு வர வேண்டும். மழைக்காலம் முடிந்தால் மலையிலிருந்து எனக்கு அழைப்பு வரும். ஈரத்தில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும், துருத்தித் தோல் பூஞ்சை பிடித்திருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறிப் போய்ச் சேர்ந்தால் தலை ஒரு பக்கம் சுற்றும். வளைவுக்கு வளைவு அடிக்கிற ஏர்ஹாரனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், இங்கே வேண்டாம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன சர்ச். ஹார்மோனியம் என் வேலை. கீபோர்டு வாசிப்பது கல்லூரி படிக்கிற ஒரு பெண். அவள்தான் கேட்டாள்: “அண்ணா, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜி செவன் போட்டா எல்லாரும் தானா மூச்சு இழுத்துப் பாட ஆரம்பிக்கிறாங்க. வெறும் ஜி போட்டா பாதிப் பேர் முழிக்கிறாங்க. ஏன்ணா?”

ஜி என்பது ஐந்து, ஏழு, இரண்டு. செவன் சேர்த்தால் கூட வருவது நாலு. நாலும் ஏழும் ஒன்றாக ஒலித்துவிட்டால் வெள்ளைக் கட்டைகளின் ஒரே ட்ரைடோன் கைக்கு வந்துவிட்டது. ஏழு அரைப் படி ஏறி ஒன்று ஆகத் துடிக்கும், நாலு அரைப் படி இறங்கி மூன்று ஆகத் துடிக்கும். ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் சட்ஜமம், காந்தாரம், வீடு வந்தாயிற்று. சுரம் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கும் ‘இப்போ நாம பாடணும்’ என்று அந்த இரண்டு கட்டைகள் சொல்லிவிடுகின்றன. பிசாசு என்று பேர் வாங்கிய இடைவெளி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வரிக்கு வரி ஜனங்களைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறது!

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வேடிக்கையும் காட்டினேன். அதே நாலையும் ஏழையும் பிடித்துக்கொண்டு திசையை மாற்று. நாலு மேலேறி நாலரை ஆகட்டும், ஏழு இறங்கி ஆறரை ஆகட்டும். இப்போது வீடு ஒரு கட்டை இல்லை, நாலரைக் கட்டை. ஒரே கதவு இரண்டு தெருவுக்குத் திறக்கிறது. ஜாஸ் வாசிக்கிறவர்கள் ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டுக்கு) பதிலாக ட்ரைடோன் தள்ளி இன்னொரு கார்டைப் போடுவது இந்தக் கதவை நம்பித்தான். “ஃபாதர் திட்டுவாருண்ணா,” என்றாள். திட்டுவார்தான். சபை மொத்தமும் வேறு சுருதிக்குப் போய்விடும்.

கடனைத் தீர்க்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் பயம் பிறக்கிறது. 1874-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் எழுதிய மரண நடனத்தில் வயலினின் மேல் தந்தியையே அரைப் படி இறக்கிக் கட்டச் சொல்கிறார். ஆறும் இரண்டரையும் வெறும் தந்திகளாகச் சேர்ந்து அலறும். 1970-இல் பிளாக் சாபத் குழு தன் பெயரையே வைத்த பாட்டில் சட்ஜமம், மேல் சட்ஜமம், பிறகு பிரதி மத்திமம் என்று நகர்ந்து அங்கேயே தங்கிவிடும். அந்த மத்திமத்தைக்கூட அசைத்துத்தான் வாசிக்கிறார்கள் என்பது நம் காதுக்கு ஒரு ஆறுதல். நம் டிவி சீரியலில் மாமியார் மெதுவாகத் திரும்பும்போது வருகிற கார்டில் இரண்டு ட்ரைடோன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் விளம்பர இடைவேளைக்குப் போய்விடும்.

தீர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் மேற்கிலேயே உதாரணம் உண்டு. 1957-இல் லெனர்டு பெர்ன்ஸ்டைன் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்ற இசை நாடகத்தில் காதலியின் பெயரை மூன்று சுரத்தில் பாட வைத்தார்: ச, பிரதி மத்திமம், ப. சிம்ப்சன்ஸ் கார்ட்டூனின் முகப்பிசையில் டேனி எல்ஃப்மன் எடுத்துக்கொண்ட சுரங்கள், மேளக் கணக்கில் 64ஆவதான நம் வாசஸ்பதியின் சுரங்கள். குழந்தைகள் டோனட் தின்றுகொண்டு கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் சுருதிப்பெட்டியைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தபோது இதைச் சோதித்துப் பார்த்தேன். கீபோர்டில் வயலின் ஒலி வைத்து, கீழ் ஸ்தாயியில் ஒன்றும் நாலரையும் சேர்த்து அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டேன். யூடியூப் பேய் இதுதான். பயப்படுவார் என்று பார்த்தால், புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “பஞ்சமத்தை எங்க தம்பி ஒளிச்சு வெச்ச?” என்றார். ஐந்தையும் அழுத்தினேன். “ம்ம். இப்பச் சொல்லு,” என்று சொல்லிவிட்டுக் கல்யாணியை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். பௌதிகப்படி பஞ்சமம் சேர்ந்தால் கரகரப்பு கூடத்தான் வேண்டும், கூடவும் செய்தது. அவர் காது அதைப் பொருட்படுத்தவில்லை. போகிற ஊர் தெரிந்துவிட்டால் குலுங்குகிற வண்டி யாருக்கும் ஒரு விஷயமில்லை.

இந்த நாலரைக் கட்டையால் எனக்கு வருகிற ஒரே நிஜமான வம்பு பஜனைக் கோஷ்டிக்காரர் ஒருவர் மூலமாக வருவது. “கல்யாணிக்குச் சரியா இருக்குப்பா, ஆனா வராளிக்கு மத்திமம் பத்தல. நுனியில கொஞ்சம் சுரண்டி ஏத்திக் குடு,” என்பார். ஏற்றினால் வராளி பக்கம் நெருங்கும், கல்யாணி போய்விடும். போதாததற்கு, ஐந்து கட்டையில் பாடுகிற அவர் வீட்டு அம்மாவுக்கு அதே நாலரைதான் நிஷாதம், சங்கராபரணமும் கெடும். இத்தனையும் விளக்கிச் சொன்னால், “சரி, அப்போ வராளிக்குன்னு தனியா ஒரு பெட்டி என்ன விலை ஆகும்?” என்று கேட்கிறார். நான் விலை சொல்லிவிட்டேன். அவர் இன்னும் வீட்டில் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.